போட்டோவைப் பார்த்தே ஊரைச் சொல்லும் கம்ப்யூட்டர்!



எங்க அக்கா வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஒருநாள் மொட்டை மாடியில் நின்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். ஊர் பேர் எதுவும் எழுதவில்லை. அவள் எங்கே படிக்கிறாள் என்று தெரியாத பக்கத்து வீட்டு மாமா (லாரி ஓட்டுகிறவர்) அம்மாவிடம் வந்து கேட்கிறார், "பாப்பா ஆரல்வாய்மொழிப் பக்கமா இருக்கு?" எப்படி மாமா என்றால், "பின்னாடி வரிசையா காத்தாடி நிக்குது, பக்கத்துல மலை. அந்த ரோட்டுல எத்தனை தடவ வண்டி ஓட்டியிருக்கேன்!" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. உடனே போட்டோவை எடுத்துவிட்டாள்.

மாமா செய்ததையே இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது. அதற்கு இயந்திரக் கற்றல் என்று பெயர்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். செல்போனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் போட்டோவுக்குள்ளேயே பதிவாகிவிடும். அதைப் படித்துச் சொல்வது பெரிய வித்தை இல்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு நீங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். நான் சொல்ல வருவது அந்தக் குறிப்பே இல்லாத போட்டோவைப் பற்றி.

2008-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹேஸ், அலெக்ஸி எஃப்ரோஸ் என்ற இருவர் இதை முயன்றார்கள். இடம் தெரிந்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட போட்டோக்களைச் சேர்த்து வைத்தார்கள். புதுப் படம் வந்தால் அதைப் போலவே இருக்கும் படங்களைத் தேடு, அவை எந்த ஊரோ இதுவும் அந்த ஊராக இருக்கலாம். அவ்வளவுதான் யோசனை!

2016-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 'பிளாநெட்' என்ற ஒன்றைச் செய்தார்கள். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உலக வரைபடத்தை 26,263 கட்டங்களாகப் பிரித்தார்கள். எல்லாம் ஒரே அளவு இல்லை. நிறையப் பேர் போட்டோ எடுக்கும் பெரிய நகரங்களில் குட்டிக் குட்டிக் கட்டம், ஆள் குறைந்த இடத்தில் பெரிய கட்டம். நடுக்கடலுக்குக் கட்டமே கிடையாது, அங்கே யார் போட்டோ எடுப்பார்கள்?

அப்புறம் சுமார் 9 கோடி போட்டோக்களைக் காட்டிப் பழக்கினார்கள். கம்ப்யூட்டருக்குப் படம் என்பது வெறும் எண்கள்தான். அது ஒரு கட்டத்தைச் சொல்லும், தப்பாக இருந்தால் உள்ளே இருக்கும் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளும். மறுபடி அடுத்த படம். நாம் வாய்ப்பாடு தப்புத் தப்பாகச் சொல்லிச் சொல்லிப் படிப்பது மாதிரி! இதற்கு இரண்டரை மாதம் ஆனது. கடைசியில் அது ஒரே விடையாகச் சொல்லாது. இந்தக் கட்டமாக இருக்க இவ்வளவு வாய்ப்பு, அந்தக் கட்டமாக இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று நிகழ்தகவாகச் சொல்லும். (கணக்கு சார் கவனிக்கவும், நிகழ்தகவு எங்கே உதவும் என்று இனிமேல் கேட்க மாட்டோம்.)

சரி, எவ்வளவு சரியாகச் சொன்னது? 100 படம் கொடுத்தால் 28 படத்துக்குத்தான் நாட்டு அளவில் சரி, ஊர் அளவில் 10. இவ்வளவுதானா என்று நானும் நினைத்தேன். ஆனால் அந்தப் படங்களில் பூனைக்குட்டியும் சாப்பாட்டுத் தட்டும்கூட உண்டு. அதைப் பார்த்து யாரால் ஊரைச் சொல்ல முடியும்?

2023-ல் கதை மாறியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் வகுப்பு புராஜெக்டாக 'பிஜன்' (புறா என்று அர்த்தம்) என்பதைச் செய்தார்கள். ஜியோகெஸ்ஸர் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது, தெருப் படத்தைக் காட்டி எந்த இடம் என்று கேட்கும். அதன் படங்களை வைத்தே பழக்கினார்கள். 100-க்கு 92 தடவை நாட்டைச் சரியாகச் சொன்னது. 40 தடவை சரியான இடத்திலிருந்து 25 கிலோமீட்டருக்குள் வந்தது! இந்த விளையாட்டில் புகழ்பெற்ற ட்ரெவர் ரெயின்போல்ட்டையும் தோற்கடித்தது. செடிகொடி, ரோட்டில் போட்ட கோடு, கரண்ட் கம்பம், பெயர்ப்பலகை இதையெல்லாம்தான் அது கவனிக்கிறதாம். அதாவது நாம் போட்டோ எடுக்கும்போது கவனிக்கவே கவனிக்காத பொருள்கள்.

பழைய வெள்ளப் படத்தை எடுத்து நேற்று நடந்தது என்று பரப்புகிறவர்களைப் பிடிக்க இது உதவும். தாத்தா காலத்துப் போட்டோ எந்த ஊர் என்றும் தேடலாம். ஆனால் எங்க அக்கா மாதிரி இருப்பவர்கள்? மாமா தெரிந்தவர், நல்லவர். தெரியாத ஒருவன் இதே வேலையைச் செய்தால்? அந்த மூன்று மாணவர்களுக்கும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. பழக்கி முடித்த பிஜனை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி அவர்கள் வெளியிடவில்லை. ஆனால் 2025-ல் சாட்ஜிபிடியிடம் போட்டோவைக் கொடுத்து இடம் கேட்கும் பழக்கம் பரவிவிட்டது. பூட்டிய கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதவு திறந்துகொண்டது.

அக்கா இப்போதும் போட்டோ போடுகிறாள். சுவரை ஒட்டி நின்று எடுக்கிறாள், ஊரை விட்டுக் கிளம்பிய பிறகுதான் போடுகிறாள்.

இந்தத் தாளின் கீழே ஒரு தெருப் படம் ஒட்டியிருக்கிறோம். பெயர்ப்பலகையை மறைத்துவிட்டோம். எந்த ஊர், எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் தமிழ் மிஸ்ஸிடம் கொடுக்கவும். செல்போனிடம் கேட்கக் கூடாது!