பிளேடு பட்டால் தாடி முளைக்குமா?



பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. வகுப்பில் யாரோ "மீசைக்காரி" என்று கேலி செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் கண்ணாடி முன் நின்று மேலுதட்டைத் தடவிப் பார்க்கிறாள். பிறகு அப்பாவின் சவரப் பெட்டியைத் திறக்கிறாள். பாட்டி பார்த்துவிடுகிறார். "ஐயையோ! மூஞ்சியில பிளேடு வைக்காதடி! ஒரு தடவை வெச்சா, அப்புறம் ஆம்பளை மாதிரி தாடி முளைச்சிடும்!"

இத்தகைய பேச்சை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். இதே நம்பிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. குழந்தைக்கு மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்கிறோம் அல்லவா? தலையில் அது ஆசை. முகத்தில் அது அச்சம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: கத்தி பட்டால் முடி தடிக்கும் என்பது. இது உண்மைதானா? ஆராய்ந்து பார்ப்போம்.

முடிக்கு உயிர் எங்கே இருக்கிறது?

முடி வெட்டும்போது நமக்கு வலிப்பதில்லை. ஆனால் ஒரு முடியைப் பிடுங்கினால் "ஆ" என்கிறோம். ஏன்? தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்ற பொருள். அது கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நகமும் மாட்டின் கொம்பும்கூடக் கெரட்டினால் ஆனவையே.

முடிக்கு உயிர் இருப்பது தோலுக்கு அடியில். தோலில் ஆழ்ந்து இறங்கும் சிறு குழாய் போன்ற உறுப்பை மயிர்க்கால் என்கிறோம். அதன் அடிப்பகுதி ஒரு குமிழைப் போல் பருத்திருக்கும். அங்கே நுண்ணிய இரத்தக் குழாய்கள் உணவைக் கொண்டு வருகின்றன. உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. புதிய உயிரணுக்கள் பழையவற்றை மேலே தள்ளுகின்றன. மேலே செல்லச் செல்ல அவை கெரட்டினால் நிரம்பி, கடினமாகி, இறந்துவிடுகின்றன. இறந்த அந்த அடுக்குகளே முடியாக வெளியே வருகின்றன. தலைமுடி இவ்வாறு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் வளர்கிறது; மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சவரக் கத்தி தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. குமிழ் இருக்கும் ஆழத்துக்கு அது போவதில்லை. மேலே வெட்டப்பட்ட செய்தி கீழே தெரிவதற்கு, இறந்த முடியில் நரம்பும் இல்லை, இரத்தமும் இல்லை.

"கறிவேப்பிலைக் கொழுந்தைக் கிள்ளினால் செடி தழைக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. செடியின் கொழுந்து உயிருள்ள பகுதி. அதைக் கிள்ளியதும், அதுவரை அடங்கிக் கிடந்த பக்க மொட்டுகள் துளிர்க்கின்றன. முடியில் அப்படிப்பட்ட மொட்டுகள் எதுவும் இல்லை. எனவே செடிக்குப் பொருந்தும் விதி முடிக்குப் பொருந்தாது.

மேலும் ஒன்று. நம் உடலில் சுமார் 50 லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. தலையில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம். இவை யாவும் தாயின் கருவில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. பிறந்த பின்பு, சவரம் செய்வதால் புதிதாக ஒரு மயிர்க்கால்கூடத் தோன்றுவதில்லை.

ஈர்க்குச்சி சொல்லும் பாடம்

அப்படியானால், மழித்த இரண்டாம் நாள் முகம் சொரசொரப்பாக இருப்பது ஏன்? இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

ஒரு நீண்ட தென்னை ஈர்க்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நுனி மெல்லியது. நுனியை உள்ளங்கையில் அழுத்துங்கள். அது வளைந்து கொடுக்கும்; குத்தாது. இப்போது அடியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் விட்டு, மீதியை வெட்டிவிடுங்கள். எஞ்சிய துண்டின் வெட்டு முனையை மெதுவாக அழுத்துங்கள். நறுக்கென்று குத்துகிறது! ஈர்க்கின் அடி முன்பைவிடத் தடித்துவிட்டதா? இல்லை. மெல்லிய நுனி போய்விட்டது, குட்டையானதால் வளையவில்லை, அவ்வளவுதான். புதுத் துடைப்பம் மென்மையாக இருப்பதும், தேய்ந்த கட்டைத் துடைப்பம் குத்துவதும் இதனால்தான்.

முடியும் அப்படியே. இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூர்மையாகச் சிறுத்திருக்கும். வெட்டினால் தட்டையான முனை தோலுக்கு மேல் எட்டிப் பார்க்கிறது. கைக்கு முரடாகவும் கண்ணுக்குக் கறுப்பாகவும் படுகிறது. முடி மாறவில்லை, நாம் காணும் இடம் மாறிவிட்டது.

அளந்து பார்த்தவர்கள்

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் அறிவியலில் விளக்கம் மட்டும் போதாது, சோதனை வேண்டும். அமெரிக்க உடற்கூற்று அறிஞர் மில்ட்ரட் டிராட்டர் என்ற பெண்மணி, உடல் ரோமத்தைப் பற்றிய ஆராய்ச்சியில்தான் தம் பணியைத் தொடங்கினார். எலும்பின் நீளத்தைக் கொண்டு மனிதரின் உயரத்தைக் கணக்கிடும் முறையால் பிற்காலத்தில் புகழ் பெற்றவரும் இவரே. 1928-இல் அவர் நான்கு ஆண்களைக் குறிப்பிட்ட முறைப்படி சவரம் செய்துகொள்ளச் சொல்லி, முடிகளை அளந்தார். சவரத்தால் முடியின் தடிமனும் கூடவில்லை, வளரும் வேகமும் கூடவில்லை.

1970-இல் லின்ஃபீல்டு, மாக்வில்லியம்ஸ் என்ற இருவர் இன்னும் அழகான சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். ஐந்து இளைஞர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கால் மட்டும் வாரந்தோறும் மழிக்கப்பட்டது. மறு கால் அப்படியே விடப்பட்டது. பல மாதங்களுக்குப் பிறகு இரு கால்களின் முடியையும் ஒப்பிட்டார்கள். முடியின் எடை, தடிமன், வளரும் வேகம் எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மறு காலை ஏன் விட்டுவைத்தார்கள்? சிந்தியுங்கள். வெயில், உணவு, வயது எது மாறினாலும் இரு கால்களுக்கும் பொதுவாகத்தானே மாறும்? கத்தி ஒன்றே வேறுபாடு. இதைத்தான் ஒப்பீட்டுச் சோதனை என்கிறோம். இந்தச் சோதனைகளில் கலந்துகொண்டவர்கள் சிலரே, அவர்களும் ஆண்களே. ஆனால் மயிர்க்காலின் அமைப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

பின் தாடி எப்படி வருகிறது?

பெண்களின் முகத்திலும் ரோமம் உண்டு. நிறமியற்ற, குட்டையான இந்த மெல்லிய ரோமத்தைப் பூனைமுடி என்கிறோம். இதன் தடிமன் 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு மயிர்க்காலிலிருந்து பூனைமுடி வருமா, தடித்த கருமுடி வருமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இரத்தத்தில் ஓடும் இயக்குநீர்கள், அதாவது ஹார்மோன்கள். முகத்தில் இந்த வேலையைச் செய்பவை ஆண்ட்ரோஜன்கள்.

ஆண்ட்ரோஜன் ஆணுக்கு மட்டும் உரியதன்று. பெண்ணின் சினைப்பைகளும் அட்ரினல் சுரப்பிகளும் சிறிய அளவில் அதைச் சுரக்கின்றன. பருவ வயதில் அதன் அளவு உயர்கிறது. அதற்கு மயிர்க்கால் எவ்வளவு செவிசாய்க்கும் என்பது பரம்பரையாக வருவது. அதனால்தான் சில குடும்பங்களில் அத்தைக்கும், அம்மாவுக்கும், மகளுக்கும் மேலுதட்டில் ரோமம் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. இது நோய் அன்று.

பாட்டியின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் இப்போது புரியும். பையன்கள் பதினாறு, பதினேழு வயதில் சவரம் செய்யத் தொடங்குகிறார்கள். அதே ஆண்டுகளில் ஆண்ட்ரோஜனால் அவர்கள் தாடி தானாகவே தடித்துக்கொண்டு வருகிறது. கத்தி எடுத்தான், தாடி தடித்தது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கொள்ளக்கூடாது. இந்தப் பாடம் முடிக்கு மட்டும் உரியதன்று.

வீட்டில் செய்யும் முறைகள்

மழித்தல்: வெட்டுவது மேற்பரப்பில் மட்டும். ஆகவே சில நாட்களில் மீண்டும் தெரியும். தோலை நனைத்து, சோப்பு நுரை தடவி, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். முகப்பரு உள்ள இடத்தில் கூடாது. அப்பாவின் பிளேடு அப்பாவுக்கே! பிறர் பிளேடில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி இருந்தால், அதன் வழியே மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவக்கூடும்.

பிடுங்குதல்: நூலால் எடுப்பதும், சாமணத்தால் எடுப்பதும், மின்சாரக் கருவியால் எடுப்பதும் ஒரே வகை. முடி வேரோடு வருகிறது; ஆனால் மயிர்க்கால் அங்கேயே இருக்கிறது. அது புதிய முடியைச் செய்ய வாரங்கள் ஆகும். எல்லா முடியும் ஒரே நாளில் திரும்புவதில்லை. காரணம், ஒவ்வொரு மயிர்க்காலும் வளர்ச்சி, ஓய்வு என்று தனித்தனிச் சுழற்சியில் இயங்குகிறது. தலையில் வளர்ச்சிக் காலம் 2 முதல் 6 ஆண்டு வரை. மேலுதட்டில் சில மாதங்களே. பிடுங்கிய இடம் சிவப்பதும், சிறு கொப்புளம் வருவதும் உண்டு. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த எரிச்சல் கரும் தழும்பாகத் தங்கிவிடலாம். அப்படி நேர்ந்தால் அந்த முறையை விட்டுவிடுவதே நல்லது.

களிம்பு: கெரட்டின் இழைகளைக் கந்தக இணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. தயோகிளைக்காலிக் அமிலத்தின் உப்பு, காரத்தோடு சேர்ந்து அவற்றை அறுத்துவிடும். முடி கரைந்து கூழாகும். தோலிலும் கெரட்டின் உண்டு என்பதை மறவாதீர்கள்! முகத்துக்கென்று குறிப்பிட்டிருந்தால் மட்டுமே, முன்கையில் சிறிது தடவிச் சோதித்த பின், சொன்ன நேரத்துக்கு மேல் வைக்காமல் பயன்படுத்த வேண்டும்.

மஞ்சளும் பயற்றமாவும்: தேய்க்கும்போது சில மெல்லிய ரோமங்கள் உதிரலாம். மயிர்க்கால் நிரந்தரமாக அழிந்துவிடாது.

வெட்கம் கேட்ட விலை

"அடியோடு ஒழித்துவிடலாம்" என்ற ஆசை மனிதரை எங்கே கொண்டுபோயிருக்கிறது, பாருங்கள். 1920-களில் அமெரிக்காவில் அழகு நிலையங்களில் எக்ஸ் கதிரால் பெண்களின் முக ரோமத்தை நீக்கினார்கள். வலி இல்லை, முடி உதிர்ந்தது, எல்லாருக்கும் மகிழ்ச்சி. சில ஆண்டுகள் சென்றபின் அதே முகங்களில் தோல் சுருங்கியது. ஆறாத புண்கள் வந்தன. சிலருக்குப் புற்றுநோயும் வந்தது.

1930-இல் அங்கே ஒரு முகக் களிம்பு விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது தாலியம் அசிட்டேட். தாலியம் உப்புகள் எலியைக் கொல்லப் பயன்பட்டவை! தாலியம் இரத்தத்தில் கலந்ததால் முக ரோமத்தோடு தலைமுடியும் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கை கால்களின் நரம்புகள் கெட்டன. சிலர் நடக்க இயலாமல் போனார்கள். சிலருக்குப் பார்வை பழுதாயிற்று. 1932-க்குள் அந்தக் களிம்பு மறைந்தது. இத்தகைய கொடுமைகளைப் பொதுமக்களுக்கு எடுத்துக் காட்டியதன் பயனாக, 1938-இல் அந்நாட்டில் அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

எண்ணிப் பாருங்கள். பெரிய கெடுதல் இல்லாத பிளேடுக்கு அஞ்சியவர்கள், உயிருக்கு உலை வைக்கும் மருந்தை நம்பினார்கள். அவர்களை அங்கே தள்ளியது கேலியும் வெட்கமும்தான்.

மருத்துவரிடம் எப்போது?

முகவாயிலும் தாடையிலும் தடித்த கருமுடி வளர்ந்து, மாதவிலக்கும் நெடுநாள் ஒழுங்கின்றி இருந்தால் அம்மாவிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். சினைப்பை நீர்க்கட்டி என்று வழங்கும் கோளாறு காரணமாக இருக்கலாம். உலகில் நூறு பெண்களில் ஏறத்தாழ 10 பேருக்கு இது இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. முதல் மாதவிலக்குக்குப் பின் ஓரிரு ஆண்டுகள் ஒழுங்கின்மை இயல்பு. ஆகவே தாமாக நோய்க்குப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் முடி சில மாதங்களிலேயே திடீரென்று பெருகினாலோ, குரல் கரகரத்தாலோ காலம் கடத்தக்கூடாது.

இனி அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். அவளிடம் நாம் என்ன சொல்வோம்? "உன் முகத்தில் இருப்பது உன் வகுப்பில் எல்லார் முகத்திலும் இருப்பதுதான், சிலருக்குக் கொஞ்சம் கூடுதல், சிலருக்குக் கொஞ்சம் குறைவு. எடுக்க வேண்டும் என்று நினைத்தால் தூய்மையான முறையில் எடு, தாடி முளைக்காது. எடுக்க வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு, குறை ஒன்றுமில்லை." கேலி செய்த நண்பருக்கும் ஒரு சொல்: உங்கள் மேலுதட்டையும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாருங்கள்!

சிந்தித்து விடை காணுங்கள்

1. மொட்டை அடித்த குழந்தையின் தலைமுடி முன்பைவிட அடர்த்தியாகத் தோன்றுவதற்கு, கத்தியைத் தவிர வேறு என்ன காரணங்கள் இருக்கலாம்?

2. 1970 சோதனையில் இரண்டு கால்களையும் மழித்திருந்தால் என்ன தவறு நேர்ந்திருக்கும்?

3. ஒரு செயலுக்குப் பின் வருவதெல்லாம் அதன் விளைவு அன்று. இதற்கு உங்கள் ஊர் வழக்கிலிருந்து இன்னொரு எடுத்துக்காட்டுத் தருக.