கணனியில் பூவேலை: வடிவத்தைத் திருத்தும் முறை

சுவாமி வஸ்திரம், திரைச்சீலை, கொடி என்பவற்றுக்குப் பூவேலை செய்யும் கணனி இயந்திரங்கள் இன்று எம்மவர் சிலரின் வீடுகளிலும் உள்ளன. இதற்கான மென்பொருள் துறையின் முன்னோடிகளுள் ஒன்றான வில்கொம் நிறுவனம் 1979இல் எமது சிட்னியிலேயே ஆரம்பிக்கப்பட்டது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

20 சென்றிமீற்றர் உயரத்துக்கு அமைத்த வேல் ஒன்று எமக்கு 10 சென்றிமீற்றரில் தேவைப்படுகிறது என வைத்துக்கொள்வோம். திரையில் மூலையைப் பிடித்து இழுத்தால் வேல் சிறிதாகும். ஆனால் தையலும் அதற்கேற்பக் குறையுமா என்பது, நாம் திறந்த கோப்பு எது என்பதில் தங்கியுள்ளது.

இயந்திரத்துக்குக் கொடுக்கும் டி.எஸ்.ரி. கோப்பில் ஊசி எங்கே நகரவேண்டும், நூல் மாற்ற எங்கே நிற்கவேண்டும் என்ற கட்டளைகளே உண்டு. நூலின் நிறம்கூட அதில் இல்லை. வில்கொமின் ஈ.எம்.பி. போன்ற மூலக் கோப்பிலோ, இது வேலின் இலை, இது தண்டு, இழை இடைவெளி 0.4 மில்லிமீற்றர் என ஒவ்வொரு பகுதியும் தன் இயல்புடன் இருக்கும். எமது கணக்கியற் பாஷையில் சொன்னால் முன்னையது ஐந்தொகை, பின்னையது பேரேடு. ஐந்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு பதிவுகளைத் திருத்த எவராலும் முடியாது.

டி.எஸ்.ரி. வேலைப் பாதியாக்கினால் 20,000 தையல்களும் அப்படியே காற்பங்குப் பரப்பில் நெருக்கும். துணி தகடுபோல் விறைக்கும், ஊசி முறியும். மூலக் கோப்பில் அதே இடைவெளியுடன் தையல்கள் புதிதாகக் கணிக்கப்படும். பெரிதாக்கும்போது வேறு தொல்லை: தண்டின் சற்றின் தையல் 7 மில்லிமீற்றருக்கு மேல் நீண்டால் வளையலிலும் மோதிரத்திலும் கொழுவும். அப்பகுதியை நிரப்புத் தையலாக மாற்றவேண்டும். தையற் கோப்பிலிருந்து பகுதிகளை ஊகித்துத் தரும் மென்பொருட்களும் உண்டு. வேலுக்கு அது போதும், மயில் தோகைக்கு நாம் நம்பமாட்டோம்.

எழுத்துகள்தான் பெரிய சோதனை. 'முருகன் துணை' என்பதைச் சிறிதாக்கினால் 'ணை'யின் சுழிகள் நூலால் அடைபடும். புள்ளி மறைந்துவிட்டால் 'முருகன துணை' என்றே வாசிக்க நேரும். (ஆங்கில எழுத்தில் பழகிய வடிவமைப்பாளருக்கு இது தவறாகவே தோன்றாது!) ஆகவே சுழிகளை அகலத் திறந்து, புள்ளியைத் தனியே பெருப்பித்துச் சற்று உயர்த்தி வைக்கவேண்டும். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த கோடுகளுக்கு ஓட்டுத் தையல் நல்லது. வழக்கமான 40ஆம் இலக்க நூலுக்குப் பதிலாக 60ஆம் இலக்க மெல்லிய நூலும் 65 அளவு ஊசியும் உதவும்.

வெளியே வடிவம் செய்விப்போர், மூலக் கோப்பும் தரப்படுமா எனப் பணம் கொடுக்குமுன் கேட்டுக்கொள்ளவும். இல்லையேல் அடுத்த திருவிழாவுக்கு வேறு அளவு தேவைப்படும்போது மீண்டும் முழுக் கூலிதான். பட்டில் ஊசி துளைத்த இடம் இலகுவில் மறையாது. எனவே அதே துணியின் துண்டொன்றில், அதே பின்தாளை வைத்து ஒருமுறை தைத்துப் பார்த்த பின்னரே சுவாமியின் பட்டை இயந்திரத்தில் ஏற்றவும்.