அண்ணாமலை: கல்லும் காலமும்

நடு நாட்டுச் சமவெளியில் தனித்து எழுந்து நிற்பது அண்ணாமலை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,668 அடி உயரமுடையது. இதனைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். 'அண்ணுதல்' என்பது நெருங்குதல். ஆகவே அண்ணா மலை என்பது நெருங்கவொண்ணாத மலை. அடிமுடி காணவியலாச் சோதியே மலையாயிற்று என்னும் தொன்மத்தோடு சைவ அறிஞர் இப்பெயரைப் பொருத்துவர். அருணாசலம் என்னும் வடமொழிப் பெயர் செம்மலை எனப் பொருள்படும்.

இஃது அவிந்த எரிமலை என்பாரும் உளர். இம்மலையின் கருங்கல் அக்கருத்திற்கு இடந்தரவில்லை. எரிமலைக் குழம்பு வெளியே வந்து விரைவில் ஆறுவதால் அதன் படிகங்கள் நுண்ணியனவாகும். கருங்கல்லோ பூமியின் உள்ளே மிக்க ஆழத்தில் மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியது. அதனாலேயே அதன் மணிகள் வெறுங்கண்ணுக்குத் தெரிகின்றன. வட தமிழகத்தின் அடிப்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையன என்பர் நிலவியலார். மேலே மூடியிருந்தவை மழையாலும் காற்றாலும் தேய்ந்தொழிய, வலிய பாறை மலையாக எஞ்சியது. மலைகளைத் திருக்குர்ஆன் முளைகளுக்கு ஒப்பிடுவது ஈண்டு நினைவிற்கு வருகிறது.

ஆயினும் முளையும் தேயும். பாறையின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, கல்லின் ஒரு கூற்றைக் களிமண்ணாக்குகிறது. விளிம்புகள் முதலில் கரைவதால் நடுக்கல் உருண்டையாகிறது. சரிவுகளில் நாம் காணும் உருண்டைக் கற்கள் பல இவ்வாறு பிறந்தவையே. அவற்றைத் தாங்கி நிற்பது மண். மண்ணைப் பற்றி நிற்பது வேர்.

இம்மண்டலத்து மலைகளைத் தமிழ் பண்டே நுணுகிப் பார்த்திருக்கிறது. அண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது. பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு அந்நூல் வழிமட்டும் காட்டவில்லை. பன்றிக்கு வைத்த கற்பொறி, புனங்காப்போர் எறியும் கவண்கல், பாசி படர்ந்த வழுக்குநிலம் என இடர்களையும் இடமறிந்து எச்சரிக்கிறது. மலையழகை மட்டும் பாடியிருப்பின் அதனை இத்துணைப் போற்றியிருப்போமா என்பது ஐயமே.

போசள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன் தன் இறுதிக் காலத்தில் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டிருந்தான். மதுரைச் சுல்தானொடு பொருது 1342ஆம் ஆண்டளவில் மாண்டான். அவ்வல்லாளன் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்தனர் என்று மொராக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா எழுதுகிறார். (அவர்களைப் பற்றி நல்லவிதமாக எழுதவில்லை என்பது வேறு செய்தி.) அப்போரை இரு சமயங்களின் போராக மட்டும் வகுப்பறையில் சொல்லிச் செல்வோர் இக்குறிப்பை நோக்க வேண்டும். பின்னர்க் கிருட்டிணதேவராயர் தொடங்கிய கீழைக் கோபுரம் 217 அடி உயர்ந்தது. 1767இல் ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயர் படையும் இவ்வூரருகே மோதின. 1896இல் வந்த இரமணர், மலைக்குகைகளில் தங்கி, 1922இல் அடிவாரத்திற்கு இறங்கினார்.

இவ்வளவுக்கிடையே மலை தன் காட்டை இழந்தது. விறகும் மேய்ச்சலும் கோடைத் தீயும் சேர்ந்து அதனை மொட்டையாக்கின. 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர் மரம் நட்டும் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டியும் பசுமையை ஓரளவு மீட்டுள்ளனர். அதே காலத்தில் நகரம் வளர்ந்து, வீடுகள் சரிவின்மேல் ஏறின. ஏழைக்கு நிலம் கிடைத்த இடம் அதுவே. அவர்களைக் குறைகூறுதல் எளிது, நியாயமன்று.

2024ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மண் நெகிழ்ந்து, வ.உ.சி. நகரில் மலைச்சரிவு நேர்ந்தது. பாறையும் சேறும் ஒரு வீட்டை மூடின. எழுவர் மாண்டனர், அவருள் ஐவர் சிறுவர்.

கார்த்திகைத் தீபத்திற்கு அப்பொழுது இரு வாரமும் இல்லை. வல்லுநர் மலையை ஆய்ந்தனர்; மண்ணின் ஈரம் இன்னும் ஆறவில்லை என்பதால் பொதுமக்கள் மலையேற அவ்வாண்டு இசைவு தரப்படவில்லை. திசம்பர் 13 அன்று, கொப்பரையையும் நெய்யையும் சுமந்து மரபுப்படி செல்வோர் மட்டும் ஏறினர். ஏனையோர் கீழே நின்று ஒளியைக் கண்டனர்.