கையெழுத்துக்கு முன்னே ஒரு கேள்வி

இம்முறை நமது பாடத்தை ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்வோம். அது சம்மதப் படிவம்.

ஆபரேஷனுக்கு மாத்திரம் உரியதல்ல இது. மாடம்பாக்கம், சேலையூர் பக்கத்தில் முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் நாம் போகிற பிசியோதெரபி, அக்குபஞ்சர் நிலையங்களிலும் இதை நீட்டலாம். "எங்கே கையெழுத்துப் போடணும்?" என்பதோடு நமது கேள்வி முடிந்துவிடுகிறது.

1995 மே மாதம் தில்லியில் 44 வயதுப் பெண்மணி ஒருவர் உதிரப்போக்கு நிற்காமல் மருத்துவரிடம் சென்றார். லேப்பராஸ்கோபி பரிசோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருக்கையில், தாயாரிடம் சம்மதம் பெற்று, கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. சமீரா கோலி வழக்கு என்று அறியப்படும் இதில், 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் கட்டணம் பெற அவருக்கு உரிமையில்லை என்றும், 25,000 ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்றும் கட்டளையிட்டது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து நேர்ந்து, காத்திருக்க முடியாத நிலை இருந்தாலொழிய, சுயபுத்தியுள்ள பெரியவருக்காகத் தாயாரும் சம்மதிக்க முடியாது.

சம்மதம் செல்லுபடியாக நோயாளி அறிந்திருக்க வேண்டியவை:

1. என்ன செய்யப்போகிறார்கள், எதற்காக?
2. அதனால் வரும் நன்மை என்ன?
3. வேறு வழி உண்டா?
4. முக்கியமான ஆபத்துகள் எவை?
5. வேண்டாமென்றால் என்ன ஆகும்?

இதில் தர்ம ஸ்தாபனங்களுக்கு ஒரு விசேஷ எச்சரிப்பு உண்டு. பணம் கட்டுகிறவர் தாராளமாகக் கேள்வி கேட்பார். இலவசமாகச் சிகிச்சை பெறுகிறவரோ, "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்கய்யா" என்று கைநாட்டு வைத்துவிடுவார். அது நன்றியாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். அறிந்து கொடுத்த சம்மதமாகிவிடாது. நமது உதவியே அவர் வாயை அடைத்துவிடக் கூடாது. ஆகையால் படிவத்தை அவருக்குத் தெரிந்த தமிழில் வாசித்துக்காட்டி, "இப்போ என்ன செய்யப்போறோம்னு நீங்க சொல்லுங்க, பார்ப்போம்" என்று கேட்பது நல்லது. அவர் தம் சொந்த வார்த்தையில் சொன்ன பிறகே பேனாவைக் கொடுக்கலாம். அவர் "வேண்டாம்" என்றாலும் அன்பு குறையலாகாது.

யோவான் 5ஆம் அதிகாரத்தில், 38 வருஷம் வியாதியாயிருந்தவனை ஆண்டவர் சந்திக்கிறார். அவனுடைய தேவை என்னவென்று யாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் சுகம்பெற அவனுக்கு விருப்பமா என்று முதலில் கேட்டார், பிறகே குணமாக்கினார்.

அடுத்தமுறை பெற்றோரையோ அயலகத்தாரையோ சிகிச்சைக்கு அழைத்துப் போகும்போது, அவர்களுக்காக நாம் பதில் சொல்லாமல், இந்த ஐந்து கேள்விகளையும் அவர்களே கேட்கத் துணைநிற்போம்.