மணிக்கோவை

மாணவர்களே, கழுத்தில் அணியும் மாலை என்றவுடன் பொன்னும் முத்துமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் நம் முன்னோர் அவ்வணிக்கு இட்ட பெயர்களைச் சற்று நோக்குங்கள். கோவை என்னும் பெயர் கோத்தல் என்னும் தொழிலிலிருந்து பிறந்தது. தொடையல் என்பது தொடுத்தலிலிருந்தும், தொங்கல் என்பது தொங்குதலிலிருந்தும் பிறந்தன. இவற்றுள் ஒன்றேனும் பொருளின் விலையைக் குறிக்கக் காணோம். கோக்கப்படும் வடங்களின் தொகையைக் குறித்தும் தனித்தனிப் பெயர்கள் வழங்கின. இடையணிகளுள் பதினெட்டுக் கோவை உடையதைப் பருமம் என்றும், முப்பத்திரண்டு கோவை உடையதை விரிசிகை என்றும் கூறுவர். இப்பெயர்களை மனப்பாடம் செய்ய மாட்டாமல் யான் இளமையில் ஆசிரியரிடம் குட்டுப்பட்டதுண்டு. அது நிற்க.

1986ஆம் ஆண்டில் யான் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியனாக இருந்தேன். ஆண்டு விழாவிற்குச் சிலப்பதிகாரக் கதையை நாடகமாக்கினோம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் பாண்டிமாதேவி வேடம். குரல் வளமும் நினைவாற்றலும் ஒருங்கே பெற்றவள் அவள். ஒத்திகையின்போது, "அரசிக்குக் கழுத்து வெறுமையாக இருக்கலாமா? வீட்டிலிருந்து நல்ல நகையாக அணிந்து வா" என்று கூறினேன். அவள் வீட்டில் நகை உண்டோ, இல்லையோ என்று எண்ணிப் பார்க்கும் அறிவு அன்று எனக்கு இல்லை. அவள் தாயார் அண்டை வீட்டில் இரண்டு சவரன் சங்கிலியை இரவல் வாங்கி அணிவித்து அனுப்பினார். நாடகம் நன்கு நடந்தது. கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று. ஆனால் காணாமற்போன சிலம்பின் கதையை நடித்த அவ்விரவிலேயே அச்சங்கிலி காணாமற்போயிற்று. மேடையின் அடியிலும் மணலிலும் விளக்கேந்தித் தேடினோம், கிடைக்கவில்லை.

கடனைத் தீர்க்க அவ்வீட்டார் கறவைப் பசுவை விற்றனர். அது போதாமல் மேலும் கடன் வாங்கினர். அம்மாணவி பள்ளிக்கு வருவதை நிறுத்திக் களையெடுக்கச் சென்றாள். யான் அவள் இல்லம் சென்றபோது தாயார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்றுதான் ஐயா இரவல் வாங்கினேன்" என்று மட்டும் கூறினார். அச்சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

அதன் பின்னரே, பொன்னில்லாமல் அணி செய்வது எவ்வாறு என்று ஆராயத் தொடங்கினேன். ஆராயப் புகுந்தபோது, அது நம் நாட்டிற்குப் புதிதன்று என்பது தெரிந்தது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு என்னும் இடம் உள்ளது. 1937ஆம் ஆண்டில் சூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவ்வூர்ச் சிறுவர்களிடமிருந்து பழைய மணிகளை விலைக்கு வாங்கினார். 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு நடத்தினார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்குக் கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன என்பதை இன்று அறிகிறோம். கண்ணாடி என்பது யாது? மணலைக் காரப்பொருளோடு சேர்த்து உருக்கப் பெறுவதே கண்ணாடி. அவ்வுருகலை நீண்ட மெல்லிய குழாயாக இழுத்து, ஆறியபின் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, கூரிய விளிம்புகள் மழுங்குமாறு மீண்டும் சூடேற்றினர். குழாயின் துளையே மணியின் துளையாயிற்று. ஒவ்வொன்றாகத் துளையிடும் துன்பம் இல்லை! இவ்வகை மணிகள் தென்கிழக்காசிய நாடுகளிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் அகப்படுகின்றன. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையிலுள்ள கொடுமணலிலோ கல்மணிகள் கிடைத்துள்ளன. பாதி துளைத்த நிலையில் விடப்பட்டவையும் அவற்றுள் உண்டு. பதிற்றுப்பத்தில் கொடுமணம் எனப் புகழப்பெறும் ஊர் இதுவே என்பர்.

கண்ணாடி உருக்க நம்மால் இயலாது. மண்ணை உருட்ட இயலும் அன்றோ? எம் ஊர்க் குயவர் ஒருவரிடம் சென்று என் கருத்தைக் கூறினேன். "வாத்தியார் ஐயாவுக்கு மண் பிசையத் தெரியுமா?" என்று நகைத்தார் அப்பெரியவர். பின்னர் அவரே எனக்கு ஆசிரியரானார். அவர் கற்பித்தவாறே உங்களுக்கும் கூறுகின்றேன்.

குளத்துக் களிமண்ணை உலர்த்தி, இடித்து, மெல்லிய துணியால் சலித்துக்கொள்க. அதில் நீர் விட்டு ஓரிரவு ஊறவைத்து, சிறிது நுண்மணல் கூட்டி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைக. காற்றுக் குமிழி உள்ளே தங்காதவாறு பிசைதல் வேண்டும். சுண்டைக்காய் அளவாக உருட்டித் தென்னை ஈர்க்கினால் நடுவே துளையிடுக. முதன்முறை யான் மெல்லிய ஈர்க்கினைக் கொண்டு துளைத்தேன். உலர்ந்தபின் நூல் நுழையவில்லை. மண் உலரும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். துளையும் உடன் சுருங்கும். ஆதலின் ஈர்க்கின் அடிப்பகுதியைப் பயன்படுத்துவதே நலம். மணிகளை நிழலிலேயே உலர்த்துக. வெயிலில் இட்டால் வெடிப்புக் காணும். முக்காற் பங்கு உலர்ந்த நிலையில் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்தால், சுட்டபின் மெருகு மிளிரும். அப்பெரியவர் இதற்கென்றே ஒரு கூழாங்கல்லைத் தம் பாட்டனார் காலத்திலிருந்து பேணி வந்தார். அதைத் தொடுவதற்கு எனக்கு மூன்றாம் நாள்தான் இசைவு கிடைத்தது.

நன்கு உலர்ந்த மணிகளைப் பழம்பானை ஒன்றிலிட்டு, வறட்டியும் உமியும் சூழ அடுக்கி, மெல்ல மெல்லத் தீ மூட்டுதல் வேண்டும். உள்ளே ஈரம் இருப்பின் அது ஆவியாகி மணியைப் பிளந்துவிடும். காற்றோட்டம் இருக்குமாறு சுட்டால் மணி செந்நிறம் பெறும். சாம்பலாலும் மண்ணாலும் மூடிப் புகையை உள்ளேயே அடக்கினால் அதே மணி கருநிறம் பெறும். ஒரே மண், இரு நிறம்! செம்மணி இரண்டிற்கு ஒரு கருமணியாகக் கோத்துப் பார்த்தபோது, கடையிலும் அத்தகைய மாலையைக் கண்டதில்லை என்று ஊர்ப் பெண்கள் வியந்தனர். பெரியோர் துணையின்றி இச்சூளை வேலையில் இறங்கற்க.

சூளை இடுவதற்கு வசதியற்றோர் விதைகளைக் கோக்கலாம். செந்நிற மஞ்சாடி விதையை நீரில் வேகவைத்துச் சற்று இளகியபின் ஊசியால் துளையிடலாம். பூசணி விதையோ மிக எளிது. ஆனால் குன்றிமணியை மட்டும் தொடாதீர்கள். செம்மையும் கருமையும் கலந்த அதன் அழகில் மயங்காதார் இல்லை. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக அமைவதும், பொற்கொல்லர் தராசில் எடையாக நின்றதும் அதுவே. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய கணக்கு. எனினும் அதன் பருப்பினுள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. தோல் உடையாதவரை அது வெளிப்படுவது அரிது. துளையிட்டாலோ, மென்றாலோ உயிருக்கே ஊறாகும். ஆமணக்கு விதைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். மாலையைக் கடித்து விளையாடும் குழந்தைகள் இல்லாத வீடு ஏது?

காகித மணியும் உண்டு. பழைய நாட்காட்டியின் வண்ணத்தாள், அடி 2 செண்டிமீட்டரும் நீளம் 25 செண்டிமீட்டரும் உள்ள நீண்ட முக்கோணங்களாக நறுக்கப்படட்டும். அடியிலிருந்து தொடங்கி ஈர்க்கின்மேல் இறுக்கமாகச் சுற்றி, நுனியைப் பசையால் ஒட்டி, ஈர்க்கை உருவிவிடுக. நடுப்பருத்து இருமுனையும் சிறுத்த மணி கிடைக்கும். நிறமற்ற வார்னிஷ் பூசினால் ஈரம் தாங்கும். மழையில் அணிந்து செல்வதற்கு ஏற்றதன்று.

இனிக் கோக்கும் முறை. இங்குத்தான் பலர் தவறுகின்றனர். மணி செய்ய மூன்று நாள் உழைத்தவர் கோப்பதற்கு மூன்று நாழிகை செலவிட மனம் கொள்வதில்லை. வாழைமட்டையின் குழிவில் மணிகளை வரிசையாக வைத்து முதலில் கண்ணால் கோத்துப் பாருங்கள். பெரியது நடுவிலும், சிறியவை முறையே இருபுறமும் அமையட்டும். நிறங்கள் கூடக்கூட அழகு கூடும் என்று எண்ணுவது பிழை. இரண்டு நிறமே போதும், மூன்று மிகை என்பது என் கருத்து. கழுத்தை ஒட்டிய மாலைக்கு 40 செண்டிமீட்டர் நீளம் வேண்டும். 8 மில்லிமீட்டர் மணியானால் 50 மணி பிடிக்கும். பருத்தி நூலை இரட்டையாக முறுக்கித் தேன்மெழுகு தடவிக்கொள்க. ஒவ்வொரு மணிக்கும் இடையே ஒரு முடிச்சிடுங்கள். அங்ஙனம் செய்தால் மணிகள் சில குறைவாகவே வேண்டும். ஒன்றோடொன்று உராய்ந்து தேயவும் மாட்டா. எங்கேனும் நூல் அறுந்தாலும் ஒரு மணியே வீழும். ஏனையவை முடிச்சுக்குள் நிற்கும். அன்று மணலில் விளக்கேந்தித் தேடிய எனக்கு இம்முடிச்சின் அருமை நன்கு தெரியும்.

மறு ஆண்டு விழாவிற்கு முன்பு, குயவர் சூளையில் சுட்ட இருநூறு மணிகளை எடுத்துக்கொண்டு அம்மாணவியின் இல்லம் சென்றேன். தலைமையாசிரியர் அவளை மீண்டும் சேர்த்துக்கொள்ள இசைந்திருந்தார். அவள் வெளியே வரவில்லை. "உனக்கு அணிவிக்க வரவில்லை அம்மா, மணிகளைக் கோத்துத் தர ஆளில்லை" என்று திண்ணையில் மணிகளைப் பரப்பி வைத்தேன். நெடுநேரம் கதவருகில் நின்று பார்த்திருந்தவள், யான் இரு கருமணிகளை அடுத்தடுத்து வைத்ததைக் கண்டதும், "அது அங்கே இல்லை ஐயா" என்று வந்து அமர்ந்தாள். பொழுது சாய்வதற்குள் இரட்டை வடம் ஒன்று முடிந்தது. அடுத்த திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வந்தாள்.

அவ்வடத்தை அதன் பின்னர் எத்தனையோ அரசியர் மேடையில் அணிந்தனர். யான் ஓய்வு பெற்ற நாளிலும் அது பள்ளியின் ஓலைப்பெட்டியில் இருந்தது. நூல் இருமுறை மாற்றப்பட்டிருந்தது; மணிகளில் ஒன்றும் குறையவில்லை.