மலிவு டயமண்ட்

திருகோணமலையில் யார் என்ன கேம் விளையாடுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், பின்னேரம் டியூஷன் முடிகிற நேரம் என் கடை வாசலுக்கு வாருங்கள். சைக்கிளைச் சாத்திவிட்டுத் திண்ணையில் குந்தியிருக்கிற சின்னப் பெடியள் எல்லாரும் ஃப்ரீ ஃபயர். மீசை அரும்பினவர்கள் பப்ஜி மொபைல். உள்ளே பழைய பிஎஸ்4இல் இரண்டு பேர் கால்பந்து ஆடுவார்கள். தோற்றவன் எழும்ப, அடுத்தவன் குந்துவான். கடற்கரைப் பக்கம் வலை காயவிட்டு நிழலில் இருக்கிற ஆட்களின் போனில் லூடோ கிங் அல்லது கேரம் பூல். கிரிக்கெட் வேண்டுமென்றால் சென்னை நெக்ஸ்ட்வேவ் செய்த வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப். அதை விளையாடுகிற பாதிப்பேருக்கு அது சென்னையில் செய்தது என்றே தெரியாது.

இதை எழுதுவது, இந்த ஊரில் கேம் கடை போட யோசிக்கிற உங்களுக்காக. உங்கள் வீட்டு முன்னறையும் றோட்டைப் பார்த்துத்தான் இருக்கும். வெளிநாட்டில் இருந்து யாரோ காசு அனுப்பத் தயாராக இருப்பார்கள். வீட்டுக்காரி வேண்டாம் என்று சொல்லியிருப்பா. எனக்கும் அப்படித்தான்.

கணினி வாங்காதீர்கள். நான் வாங்கினேன், அதுவும் என் விருப்பத்தில் இல்லை. ஸ்கார்பரோவில் இருக்கிற மச்சான், "வாலரண்ட், டோட்டா எல்லாம் போடு, பெடியள் கியூவில நிப்பாங்கள்" என்று காசு அனுப்பினார். வாலரண்ட் விளையாடுகிற பெடியள் கொழும்பில் இருக்கலாம். இங்கே கணினியில் சுடுகிற ஆசை நெட் கஃபே காலத்துக் கவுன்டர் ஸ்ட்ரைக்கோடு முடிந்துவிட்டது. அந்தக் காலத்துப் பெடியள் இப்போது பிள்ளைகளைக் கூட்டிப்போக என் வாசலுக்கு வருகிற தகப்பன்மார். போதாததற்கு 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். கணினியெல்லாம் இருட்டில் கிடக்க, போனில் சார்ஜ் மிச்சமிருந்தவன் வெளியே திண்ணையில் குந்தி விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் தேவைப்படவில்லை.

ஃப்ரீ ஃபயர் இங்கே ஏன் வெல்கிறது என்று பலர் கேட்கிறார்கள். ஒரு ஆட்டத்துக்கு 50 பேர், பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். பப்ஜியில் 100 பேர். எரங்கல் வரைபடத்தில் கடைசி வட்டம் வரை நின்றுபிடித்தால் அரை மணித்தியாலம் போகும். அம்மாவின் பழைய போனில், மிச்ச டேட்டாவில் விளையாடுகிற பிள்ளைக்கு எது கட்டுப்படியாகும்? பப்ஜிக்காரர் வேறு ரகம். நாலு பேர் ஸ்க்வாட்டில் ஒருவன் உவர்மலை, ஒருவன் கிண்ணியா, ஒருவன் கந்தளாய்ச் சிங்களப் பெடியன், நாலாமவன் கட்டாரில் வேலை செய்கிற அண்ணன். கிண்ணியாக்காரர் ஒரு காலத்தில் ரவுணுக்குப் படகுப் பாதையில் ஏறித்தான் வரவேண்டும். 2009இல் பாலம் திறந்தபிறகு ஓட்டோவில் வந்து இறங்கி, "நானா, வைஃபை இருக்கா?" என்று கேட்கிறார்கள். ஒருவனுக்கு டேட்டா முடிந்தால் மற்ற மூன்று பேரும் மூன்று மொழியில் ஏசுவார்கள்.

2020 செப்டெம்பரில் பப்ஜியையும் 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் இந்தியா தடை செய்தபோது, "இங்கயும் நிப்பாட்டப் போறாங்களாம்" என்று சில தகப்பன்மார் சந்தோஷப்பட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகளைக் கொலைகாரராக்குகிறேன் என்று என்னிடம் சண்டைக்கு வந்த வாத்தியார் ஒருவருக்கு, 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பப்ஜி மொபைலுக்குப் பதக்கம் கொடுத்ததைச் சொன்னேன். அங்கே ஆளை ஆள் சுடுவதில்லை, இலக்குப் பலகையைத்தான் சுட்டார்கள் என்றும் சொன்னேன். "அப்ப அதில என்ன விளையாட்டு இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருடைய மகன் என்ன ராங்கில் இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை.

கடையை நடத்துகிற வேலை பெரிய வித்தை இல்லை. பிஎஸ்4 செக்கண்ட் ஹான்ட் போதும், கன்ட்ரோலர் மட்டும் ஒன்றிரண்டு கூடுதலாக வைத்திருங்கள். கால்பந்துக்காரர் ஸ்டிக்கைப் பிடுங்கி விடுவார்கள். அரை மணித்தியாலக் கணக்கில் முன்காசு. கடன் கொப்பி வேண்டாம். ஜிடிஏ 6 எப்ப வரும் என்று தினமும் கேட்பார்கள்: 2026 நவம்பர் 19 என்று சொல்லியிருக்கிறார்கள், பிஎஸ்4இல் ஓடாது. இவ்வளவுதான்.

என் கையைச் சுட்டது டயமண்ட்.

ஃப்ரீ ஃபயரில் உடுப்பு, துப்பாக்கி ஸ்கின் வாங்க டயமண்ட், பப்ஜியில் யூசி. இவற்றுக்கு விலை டொலரை ஒட்டித்தான் போகும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. மே மாதம் 360க்குப் போய்விட்டது. பிள்ளையின் கைச்செலவுக் காசு அப்படியேதான் இருந்தது. கிட்டத்தட்ட இரட்டிப்பு விலை சொல்லுகிற கடைக்காரனைப் பெடியள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த நேரத்தில்தான் பாதி விலைக்கு டயமண்ட் போடுகிற ஒருவனை, வீட்டுக்காரியின் சொந்தக்காரர் ஒருவர் வட்ஸ்அப்பில் அறிமுகப்படுத்தினார். அந்தச் சொந்தக்காரர் இன்றைக்கும் கலியாண வீடுகளில் என் பக்கத்தில் குந்திச் சாப்பிடுகிறார்.

நான் சும்மா நம்பவில்லை. முதலில் என் சொந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். பாஸ்வேர்ட் கேட்கவில்லை, பிளேயர் ஐடி மட்டும். இலக்கத்தை அனுப்பியதும் பெயர் சரியாகத் திரும்பி வந்தது, டயமண்டும் நிமிடத்தில் ஏறியது. ஸ்கிரீன்ஷாட் கேட்டேன், தந்தான். இதற்கு மேல் ஒரு கடைக்காரன் என்ன பார்த்திருக்க வேண்டும்? "பாஸ்வேர்ட் கேட்டால்தான் கள்ளன்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. பாஸ்வேர்ட் கேட்கிறவன் உங்கள் கணக்கையே தூக்குவான். கேட்காதவன் வேறு யாருடையதையோ தூக்கியிருப்பான்.

அது எப்படியென்றால், எங்கேயோ களவு போன வங்கி அட்டையில் டயமண்ட் வாங்கி, உங்கள் கடைப் பிள்ளையின் ஐடிக்கு ஏற்றிவிடுவான். அட்டைக்குச் சொந்தக்காரர் மாதக் கணக்கைப் பார்த்து வங்கியில் முறையிட்டு, வங்கி காசைத் திருப்பி எடுக்க நாளாகும். அதுவரை எல்லாம் அழகாக ஓடும். நான் ஊரிலேயே மலிவான கடைக்காரன். பெடியள் "அண்ணே, அண்ணே" என்று வாசலை விட்டுப் போகமாட்டார்கள். காசு திரும்பியதும் கொடுத்த டயமண்டும் திரும்பிப் போகும். பிள்ளை அதை ஏற்கெனவே செலவழித்திருந்தால் கணக்கு மைனஸில் நிற்கும். சிலருடைய கணக்கே பூட்டப்படும். வருடக்கணக்காகச் சேர்த்த உடுப்பு, ராங்க், எல்லாம் அதற்குள்ளே.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முதல் பெடியன் போனை நீட்டினான். டயமண்ட் இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி. டயமண்ட் போட்டவனின் இலக்கத்துக்கு எடுத்தேன். அழைப்புப் போகவே இல்லை. இரவாகுமுன் வாசல் நிறைந்துவிட்டது. அழுதவன் ஒருவன், பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றவன் ஒருவன். மறுநாள் தகப்பன்மார். அதில் ஒருவர் றோட்டில் நின்று, "சின்னப் பிள்ளையளிட்டக் களவெடுத்துத் தின்னுறியே!" என்று சத்தம் போட்டார். நாலு கடை கேட்க. அவருடைய மகன் கொண்டுவந்த காசு அவருடைய சேட்டுப் பொக்கட்டில் இருந்து வந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். இப்போது அவருக்கும் தெரியட்டும்.

டயமண்ட் விற்ற கொப்பியில் இருந்த பெயர் ஒவ்வொன்றுக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தேன். கொப்பியில் பெயர் இல்லாமல் வந்து "எனக்கும் தரவேணும்" என்று நின்ற சிலருக்கும் கொடுத்தேன். மச்சானின் கணினிகள் போனது அதில்தான். வாங்கிய விலையில் பாதியும் வரவில்லை. "என்னைக் கேக்காமல் ஏன் வித்தனி?" என்று கனடாவில் இருந்து கோபம். டோட்டா விளையாட ஆளை அங்கேயிருந்தே அனுப்புங்கோ என்று சொன்னேன்.

ஒரு கணினி மட்டும் விற்கவில்லை. அதில் மகள் 'வெண்பா' என்ற கேமை விளையாடினாள். டொரோண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையல் கதை, 2024இல் பாஃப்டா விருதும் கிடைத்தது. சுடவும் இல்லை, டயமண்டும் இல்லை. இட்லிச் சட்டியில் தட்டு எப்படி அடுக்க வேண்டும் என்று மகள் திணறியபோது, கேம் என்றாலே முகம் சுளிக்கிற என் அம்மா பின்னால் நின்று, "ஆவி போக வழி விடு பிள்ளை, ஓட்டைக்கு மேல மாவை வைக்காத" என்று சொல்லிக்கொடுத்தா. கடையில் இதுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

இப்போது என் கடையில் டயமண்ட் முழு விலைக்குத்தான். பிள்ளையின் போனில், பிள்ளையின் கண்ணுக்கு முன்னால், கேமுக்குள்ளேயே கடையைத் திறந்து, பிளே ஸ்டோர் வழியாகக் காசு கட்டுகிறோம். ரசீது பிள்ளையின் மின்னஞ்சலுக்குப் போகும். கொஞ்சப் பெரிய தொகையென்றால் தகப்பனுக்கோ தாய்க்கோ போன் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன். வியாபாரம் குறைந்துதான் இருக்கிறது. "அண்ணே, அங்கால கடையில பாதி விலை" என்று சொல்லுகிறார்கள். போகட்டும்.

அந்த அங்கால கடையைப் பற்றி மட்டும் ஒரு விஷயம். அவரும் அதே ஆளிடம், அதே மாதங்களில் வாங்கினவர். அங்கேயும் பெடியளின் கணக்கு மைனஸில் போனது. "சேவர் பிரச்சினை, தன்பாட்டில சரியாகும்" என்று சொல்லி ஒரு சதமும் திருப்பிக் கொடுக்கவில்லை. என்னைக் கள்ளன் என்ற தகப்பன்மாரில் ஒருவர்கூட அந்த வாசலுக்குப் போகவில்லை. உங்கள் பிள்ளையும் அங்கே காசு கொடுத்திருந்தால், வட்ஸ்அப்பில் அனுப்பிய ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். உங்களை நான்தான் அனுப்பினேன் என்று சொன்னாலும் எனக்கொன்றும் இல்லை.