ஐந்தாம் கியர் தருவதும் எடுப்பதும்
(விசையின் திருப்பம், வேலை, சக்தி, வலு ஆகிய பாடங்களுக்கான மேலதிக வாசிப்பு)

மாணவர்களே, கீழ்வரும் வினாவை முதலில் வாசியுங்கள்.

"நான்கு கியர்கள் உள்ள ஒரு மோட்டார் காரில் ஐந்து கியர்கள் உள்ள கியர்பொக்ஸ் ஒன்றைப் பொருத்தினால் அதன் வலு அதிகரிக்குமா? காரணம் தருக."

"ஆம், ஒரு கியர் கூடியதால் வலுவும் கூடும்" என எழுதுவோர் பலர். இவ்விடை பிழையானது. சரியான விடை ஒரே சொல்தான். ஆனால் புள்ளி காரணத்துக்கே கிடைக்கும். ஆகவே உண்மையான கார் ஒன்றை எடுத்துப் படிப்படியாகப் பார்ப்போம். கணக்கைக் கண்டு அஞ்சுவோருக்கு ஒரு சொல்: நானும் கலைப் பட்டதாரிதான். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் இப்பாடம் முழுவதும் விளங்கும்.

கியர்பொக்ஸ் சக்தியை உண்டாக்குவதில்லை. எஞ்சின் தரும் வலுவைச் சில்லுகளை நோக்கிக் கடத்துகிறது, அவ்வளவே. கடத்தும்போது சுழற்சிக் கதியைக் குறைத்துத் திருப்பத்தைக் கூட்டலாம். அல்லது திருப்பத்தைக் குறைத்துச் சுழற்சிக் கதியைக் கூட்டலாம். இரண்டையும் ஒருங்கே கூட்ட எந்தப் பற்சில்லுத் தொகுதியாலும் முடியாது. நெம்புகளைப் பற்றிய பாடத்தில் நீங்கள் படித்ததும் இதுவே: எத்தனத்தில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் கொடுக்க வேண்டும்.

நாம் எடுக்கும் கார் மொறிஸ் மைனர். நம் நாட்டு வீதிகளிலும் இதனைக் கண்டிருப்பீர்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948 இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. அப்போது பிரித்தானியாவில் அதிவேக நெடுஞ்சாலை ஒன்றேனும் இருக்கவில்லை. முதலாவது நெடுஞ்சாலைப் பகுதி 1958 இலும் எம் 1 நெடுஞ்சாலையின் முதற்கட்டம் 1959 இலுமே திறக்கப்பட்டன. கிராமத்துச் சாலைகளுக்கும் நகரத் தெருக்களுக்கும் பொருந்துமாறு அமைந்த கார், பின்னர் மணிக்கணக்காக ஒரே கதியில் ஓட வேண்டிய சாலைகளில் ஏறியது. அங்கே எஞ்சின் ஓயாமல் இரைந்தது. பிரித்தானியாவில் மைனர் வைத்திருப்போர் பலர் பிற்காலத்தில் ஐந்து கியர் பொருத்த முனைந்ததற்கு முதற்காரணம் இந்த இரைச்சலே. கூடிய கதியை நாடியவர்களும் இருக்கலாம். அவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

இரைச்சலைக் கணக்காக்கிப் பார்ப்போம். 1962 முதல் மைனரில் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. நான்காம் கியரின் விகிதம் 1 ஆகும். அதாவது எஞ்சினும் பின்னோக்கிச் செல்லும் புரொப்பெல்லர் சாப்டும் ஒரே கதியில் சுழலும். பின் அச்சிலுள்ள டிபரென்சியலில் விகிதம் 4.22. எனவே சில்லு ஒரு முறை சுற்ற எஞ்சின் 4.22 முறை சுற்ற வேண்டும். ரயரின் சுற்றளவை 1.8 மீற்றர் எனக் கொள்வோம்.

கார் மணிக்கு 108 கிலோமீற்றர் கதியில் செல்கிறது. நிமிடத்துக்கு 1800 மீற்றர். 1800 ஐ 1.8 ஆல் வகுத்தால் சில்லு நிமிடத்துக்கு 1000 முறை சுற்றுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 4220 முறை சுற்றுகிறது.

இப்போது பழைய கியர்பொக்ஸை அகற்றிவிட்டு, 1982 இல் வெளிவந்த போர்ட் சியெரா காரின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துவோம். "டைப் 9" என அழைக்கப்படும் இதுவே மைனர் மாற்றத்துக்குப் பலர் நாடும் பெட்டி. நான்கு சிலிண்டர் எஞ்சின்களுக்கான வகையில் இதன் விகிதங்கள் முறையே 3.65, 1.97, 1.37, 1, 0.82 ஆகும். நான்காம் கியர் முன்போலவே 1 என்பதைக் கவனியுங்கள். ஐந்தாம் கியரில் மொத்த விகிதம் 0.82 x 4.22 = 3.46. அதே 108 கிலோமீற்றர் கதியில் எஞ்சின் 3460 முறையே சுற்றும். நிமிடத்துக்கு 760 சுற்றுகள் குறைந்துவிட்டன. இது 18 சதவீதம். காதுக்கு இது பெரிய நிம்மதி.

இங்கே மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சுற்று 18 சதவீதம் குறைந்ததால் பெற்றோலும் 18 சதவீதம் மிச்சம் என எழுதிவிடுகிறார்கள். கார் அதே கதியில் செல்வதால் காற்றுத் தடையும் ரயரின் தடையும் மாறவில்லை. ஆகவே தேவைப்படும் வலுவும் மாறவில்லை. எஞ்சினுக்குள் உராய்வினால் வீணாகும் சக்திதான் குறைகிறது. மிச்சம் உண்டு, ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

அடுத்து, ஐந்தாம் கியர் எதை எடுத்துக்கொள்கிறது? இந்த எஞ்சினின் உச்சத் திருப்பம் நிமிடத்துக்கு 2500 சுற்றளவில் கிடைக்கிறது. அதனை 80 நியூற்றன் மீற்றர் எனக் கொள்வோம். கடத்தும் வழியில் ஏற்படும் உராய்வைப் புறக்கணித்தால், நான்காம் கியரில் பின் அச்சில் 80 x 4.22 = 337.6 நியூற்றன் மீற்றர் கிடைக்கும். ஐந்தாம் கியரில் 80 x 3.46 = 276.8. சில்லின் ஆரை ஏறத்தாழ 0.286 மீற்றர். திருப்பத்தை ஆரையால் வகுத்தால் காரை முன்தள்ளும் விசை வரும்: நான்காம் கியரில் 1180 நியூற்றன், ஐந்தாம் கியரில் 968 நியூற்றன்.

இவ்விரு எண்களையும் ஒரு மேட்டுக்குக் கொண்டுசெல்வோம். சாலையில் 10 மீற்றர் போக 1 மீற்றர் உயரும் சாய்வு. ஆட்களுடன் காரின் திணிவு 900 கிலோகிராம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால், 1 மீற்றர் உயர்வதற்கு வேண்டிய சக்தி 900 x 10 x 1 = 9000 யூல். இந்த வேலை 10 மீற்றர் தூரத்தில் செய்யப்படுவதால் வேண்டிய விசை 900 நியூற்றன்.

ஐந்தாம் கியரில் மீதி 68 நியூற்றன். காற்றுக்கும் ரயர்த் தடைக்கும் இது போதாது, கார் தளரும். நான்காம் கியரில் மீதி 280 நியூற்றன், ஓரளவு தாக்குப்பிடிக்கும். மூன்றாம் கியரில் சிரமமின்றி ஏறும். ஐந்து கியர் போட்டும் மேட்டில் மூன்றுக்கே இறங்க வேண்டியிருக்கிறதே எனச் சாரதி குறைப்பட்டால், குறை கியர்பொக்ஸில் இல்லை. ஐந்தாம் கியர் சமதரைக்கானது.

ஐந்தாவதைவிட முதலாவது கியரில் கிடைக்கும் நன்மையை நான் பெரிதாக மதிப்பேன். பழைய மைனர்ப் பெட்டியில் முதலாம் கியருக்குச் சிங்குரோமெஷ் இல்லை. சிங்குரோமெஷ் என்பது இணையப்போகும் இரு பாகங்களின் சுழற்சிக் கதியை உராய்வினால் முதலில் சமப்படுத்தும் அமைப்பு. அது இல்லாததால் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாம் கியருக்கு மாற்றினால் பற்கள் உரசிக் கத்தும். கிளச்சை இரு முறை மிதித்துப் போடப் பழக வேண்டும். போர்ட் பெட்டியில் முன்செல்லும் கியர்கள் அனைத்துக்கும் சிங்குரோமெஷ் உண்டு. விகிதமோ பழையது 3.63, புதியது 3.65. புறப்படும் இழுவையில் இழப்பு எதுவுமில்லை.

பொருத்தும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்ட் பெட்டியை மொறிஸ் எஞ்சினில் நேரடியாகப் பூட்ட முடியாது. இரண்டையும் இணைக்கும் உறை வேண்டும். பெட்டியின் முன்தண்டில் உள்ள வரிப்பற்களுக்குப் பொருந்தும் கிளச் தட்டு வேண்டும். அத்தண்டின் நுனியைத் தாங்க எஞ்சின் சுழல்தண்டின் முனையில் தகுந்த பெயாரிங் வேண்டும். பெட்டி நீளமானது என்பதால் புரொப்பெல்லர் சாப்டைக் கட்டையாக்கி, மீண்டும் சமநிலைப்படுத்த வேண்டும். இதனைச் சரிவரச் செய்யாவிட்டால் கார் அதிரும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் மாறும். கதிமானியை இயக்கும் பற்சில்லு 4.22 டிபரென்சியலுக்கு ஏற்றதாக இல்லாவிட்டால் கதிமானி பொய் சொல்லும். காரின் உடலை வெட்டாமல் பொருத்தும் முறையையே தேர்ந்தெடுப்பது நல்லது. கழற்றிய பழைய பெட்டியைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாமல் வைத்திருந்தால், பின்னொரு நாள் காரை முந்திய நிலைக்குக் கொண்டுவரலாம்.

இதைவிடச் செலவு குறைந்த வழி ஒன்றும் உண்டு: கியர்பொக்ஸை விட்டுவிட்டு டிபரென்சியலை மட்டும் 3.9 ஆக மாற்றுவது. 108 கிலோமீற்றர் கதியில் சுற்று 3900 ஆகக் குறையும். ஆனால் இது எல்லாக் கியர்களையும் பாதிக்கும். முதலாம் கியரின் மொத்த விகிதம் 15.3 இலிருந்து 14.2 ஆக இறங்கிவிடும். சுமையுடன் மேட்டில் புறப்படுவது கடினமாகும். கியர்பொக்ஸ் மாற்றத்தில் கீழ்க் கியர்களின் இழுவை காக்கப்படுகிறது. செலவின் வேறுபாட்டுக்குக் காரணம் கேட்டால் இதனை எழுதுங்கள்.

இறுதியாக, பிரேக். மணிக்கு 54 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 15 மீற்றர். 108 என்பது 30 மீற்றர். நமது 900 கிலோகிராம் காரின் இயக்கப்பாட்டுச் சக்தி முதற்கதியில் 101 250 யூல், இரண்டாவதில் 405 000 யூல். கதி இரு மடங்கு, சக்தி நான்கு மடங்கு. காரை நிறுத்தும்போது இவ்வளவும் பெரும்பாலும் பிரேக்கிலேயே வெப்பமாக மாற வேண்டும். மைனரில் நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிரேக்கே. ஐந்தாம் கியர் எஞ்சினின் இரைச்சலை அடக்கிவிடுவதால் எவ்வளவு விரைவாகச் செல்கிறோம் என்பதே சாரதிக்குத் தெரியாமல் போகலாம். கியர்பொக்ஸ் மாற்றும் காசில் ஒரு பங்கைப் பிரேக்குக்கு ஒதுக்காதவரின் காரில் நான் ஏறமாட்டேன்.

பயிற்சி

1. மணிக்கு 81 கிலோமீற்றர் கதியில் நான்காம், ஐந்தாம் கியர்களில் எஞ்சினின் சுற்றுகளைக் காண்க.

2. போர்ட் பெட்டியின் மூன்றாம் கியரில் காரை முன்தள்ளும் உச்ச விசை யாது?

3. ஒருவர் போர்ட் பெட்டியையும் பொருத்தி டிபரென்சியலையும் 3.9 ஆக மாற்றுகிறார். மேற்கூறிய சாய்வில் ஐந்தாம் கியரில் கார் ஏறுமா? எண்களால் காட்டுக.

4. தொடக்கத்தில் தந்த வினாவுக்கு மூன்று வாக்கியங்களில் விடை எழுதுக. "திருப்பம்", "சுழற்சிக் கதி" ஆகிய இரு பதங்களும் விடையில் இடம்பெற வேண்டும்.

விடைகள்: (1) 3165, 2595. (2) ஏறத்தாழ 1617 நியூற்றன். (3) ஏறாது, விசை ஏறத்தாழ 895 நியூற்றன், சாய்வுக்கு மட்டும் வேண்டியது 900 நியூற்றன்.